மைனரா, டட்சனா: விலை பேசுமுன் காருக்குக் கீழே படுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்தும் என்ன, வரியையும் சேர்த்துப் பார்த்தால் புதுக் காரின் விலை வன்னியில் வயல் செய்கிற குடும்பத்துக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை. அதனால் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் பழைய கார் தேடுவோர் பலர் கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறார்கள். ஒன்று மொறிஸ் மைனர் 1000, மற்றது டட்சன் 120 வை. தேநீர்க்கடைத் தீர்ப்பு ஒரே வரியில் முடிந்துவிடும்: "இங்கிலீசுக்காரன் செய்தது இரும்பு, யப்பான்காரன் செய்தது தகரம்." அந்த வரியை நம்பிக் காசு எண்ணிக் கொடுத்த கார்கள் பல இன்று கறாஜ்களில் நாலு கல்லின் மேல் சில்லில்லாமல் நிற்கின்றன. வாங்க நினைக்கும் வாசகர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறோம்.

முதலில் வயதைச் சொல்ல வேண்டும். மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பிற்பாடு மினியையும் வடிவமைத்தவர். 918 சீசீயில் தொடங்கி, 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098 என்று எஞ்சின் மாறியதே தவிர, உடலும் சேசிஸும் அடிப்படையில் அதேதான். 1971 வரை 16 இலட்சம் அளவில் செய்தார்கள். டட்சன் 120 வை 1973இல் வந்தது. இலங்கையில் 1977க்குப் பின் சந்தை திறந்தபோது யப்பான் கார்கள் பெருகின. ஆக, இரண்டு வடிவமைப்புக்கும் இடையில் 25 ஆண்டுகள். மைனரை 'பழசு', டட்சனை 'ஓரளவு புதுசு' என்று சொல்பவர்கள், அந்த 'புதுசு'க்கும் அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

டட்சனின் ஏ12 எஞ்சின் மைனரின் ஏ எஞ்சினைப் பார்த்துச் செய்த கொப்பி என்ற கதையும் உண்டு. இரண்டுக்கும் பெயரில் 'ஏ' இருப்பது இந்தக் கதைக்கு நெய் ஊற்றிவிட்டது. நடந்தது வேறு. 1952இல் டட்சனைச் செய்த நிசான் நிறுவனம், மைனரின் ஏ எஞ்சினை உருவாக்கிய இங்கிலாந்தின் ஒஸ்ரினோடு உடன்படிக்கை செய்து ஏ40 சோமர்செற்றையும், பிறகு ஏ50 கேம்பிறிட்ஜையும் 1959 வரை யப்பானில் கட்டியது. ஏ40, ஏ50 இரண்டும் எங்கள் பெரியவர்களுக்கு வாடகைக் கார்களாகத் தெரிந்தவைதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் நிசான் 1966இல் தன் சொந்த ஏ வரிசை எஞ்சினைக் கொண்டுவந்தது. ஆகவே சாயல் இருக்கிறது, பாகங்கள் பொருந்தா. இரண்டிலும் கம் ஷாஃப்ற் பிளொக்குக்குள்ளேதான் இருக்கிறது, தள்ளுகம்பிதான் வால்வைத் திறக்கிறது, சுடும் ஒழுங்கு 1-3-4-2. ஒன்றில் கை பழகியவர் மற்றதற்கும் ரப்பற், அதாவது வால்வு இடைவெளி, வைக்கலாம்: எட்டாம் வால்வு முழுதாகத் திறந்து நிற்கையில் முதலாவதை வையுங்கள், ஏழாவது திறந்திருக்கையில் இரண்டாவதை, கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. மைனருக்கு எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.012 அங்குலம். டட்சனுக்கு சூடாக இருக்கையில் 0.35 மில்லிமீற்றர். இந்தக் குளிரையும் சூட்டையும் மாறி வைத்துவிட்டு "யப்பான் எஞ்சின் இழுக்குதில்லை" என்று முறையிடுவது வழக்கம்.

வேறுபாடு தொடங்குவது ஹெட்டில், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தில். மைனருடையது பிளொக்கைப் போலவே வார்ப்பிரும்பு. டட்சனுடையது அலுமினியம். வன்னிக்காரருக்கு இதைவிட முக்கியமான ஒரு விடயம் இந்த இரண்டு கார்களிலும் இல்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. காரணம் நாங்கள் றேடியேற்றருக்குள் ஊற்றுகிற தண்ணீர்.

கேத்திலின் உட்புறத்தைப் பார்த்தாலே எங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரியும். வெள்ளைப் படலம் ஓடாகப் பிடித்திருக்கும். அதே ஓடு எஞ்சினுக்குள்ளும் படிகிறது. மைனரில் அது படிவது பெரும்பாலும் பிளொக்கின் பின்பக்கம், நாலாம் சிலிண்டரைச் சுற்றி. தண்ணீரோட்டம் அங்கேதான் மந்தம். மீற்றரில் சூடு காட்டாமலே நாலாம் சிலிண்டர் காய்ந்துகொண்டிருக்கும். பிளொக்கின் வடிகால் தப்பைத் திறந்தால் ஒரு சொட்டும் வராது. தண்ணீர் இல்லாததால் அல்ல, துவாரம் சேற்றால் அடைபட்டதால். தப்பைக் கழற்றிவிட்டு ஒரு கம்பியால் குத்தினால் செந்நிறக் குழம்பு வரும். தேர்மோஸ்ராற்றை (சூட்டுக்கேற்பத் தண்ணீரோட்டத்தைத் திறந்து மூடும் வால்வை) கழற்றி, மேல் ஹோஸ் பக்கமிருந்து தோட்டத்து ஹோஸால் தலைகீழாகத் தண்ணீர் விட்டுத் தெளிந்து வரும்வரை கழுவ வேண்டும். இரும்பு ஹெட் என்பதால் இவ்வளவு அநியாயத்தையும் மைனர் பல வருடம் பொறுக்கும். பிளொக்கின் பக்கத்திலுள்ள தகட்டு மூடிகள் உக்கி ஒழுகும்போதுதான் உரிமையாளர் விழிப்பார்.

டட்சன் அப்படிப் பொறுக்காது. இரும்புப் பிளொக்கும் அலுமினிய ஹெட்டும் உப்புத் தண்ணீரில் ஒன்றாக நின்றால் ஒரு பற்றறி போல வேலை செய்யும், அரிக்கப்படுவது அலுமினியம். ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கிற ஹெட் கஸ்கற் ஓரத்தில், தண்ணீர்த் துவாரங்களைச் சுற்றி, கறையான் தின்ற பலகைபோலக் குழிகள் விழும். பிறகு சிலிண்டருக்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள ஓரம் மெலிந்து கஸ்கற் விடும். ஒருமுறை கொதித்தால் ஹெட் வளையும். நேர்த்தட்டை வைத்துப் பார்த்து ஹெட்டைச் சீவலாம். ஆனால் குழி ஆழமென்றால் அலுமினியம் நிரப்பி வெல்ட் பண்ணி, பிறகே சீவ வேண்டும். குழியை விட்டுவிட்டு மேலோட்டமாகச் சீவித் திருப்பிப் போட்டால் அடுத்த காலபோகத்துக்குள் அதே கார் அதே இடத்தில் வந்து நிற்கும். சூடு ஆறாமல் டட்சன் ஹெட்டைக் கழற்றவும் கூடாது. சுடச்சுடத் தளர்த்துகையிலேயே வளைந்துவிடும்.

மருந்து மலிவானது. மைனருக்கு ஏறத்தாழ ஐந்தரை லீற்றர், டட்சனுக்கு ஐந்து லீற்றர் அளவில் போகும். அதில் மூன்றில் ஒரு பங்கு நல்ல கூலன்ற், மீதி மழைத்தண்ணீர் அல்லது பற்றறிக்கு விடுகிற தண்ணீர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். 'வெக்கை நாடு, தேர்மோஸ்ராற் எதற்கு' என்று அதைப் பிடுங்கி எறிகிற பழக்கம் இரண்டு காருக்கும் கூடாது. மார்கழிக் காலையில் எஞ்சின் சூடேறாமலே ஓடி, ஒயிலுக்குள் ஈரம் சேர்ந்து மோர்போலாகும். மைனரில் இன்னொன்று: தண்ணீர்ப் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இரண்டு அங்குல நீளக் குட்டி ஹோஸ் ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, வெடித்தால் கார் நடுவீதியில் நிற்கும். சாதாரண ரப்பர்த் துண்டென்றால் ஹெட்டையோ பம்பையோ கழற்றாமல் மாற்ற முடியாது. மடிப்பு மடிப்பாக இருக்கிற வகை ஹோஸை நசுக்கி உள்ளே விடலாம். ஹெட் கழற்றுகிற நாளில் அதை மாற்றாமல் விடுகிற மெக்கானிக்கை நம்பாதீர்கள். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி, மைனருக்கு 40 இறாத்தல்-அடி அளவுக்கு இறுக்க வேண்டும். றேடியேற்றர் மூடியும் கவனம்: மைனருக்கு 7 இறாத்தல் அழுத்த மூடி போதும். கிடைத்ததென்று 13 இறாத்தல் மூடியைப் போட்டால் பழைய றேடியேற்றரின் ஈய ஒட்டு பிளக்கும்.

வார்ப்பிரும்பு ஹெட் எல்லாவற்றிலும் வெல்லவில்லை. இலங்கையில் 2002 முதல் ஈயம் கலக்காத பெற்றோல்தான். மைனரின் வால்வுகள் உட்காரும் வளையம் ஹெட்டின் இரும்பிலேயே கடைந்தது. ஈயம் தந்த பூச்சு இல்லாமல் நீண்ட தூரம் வேகமாக ஓடினால், வெளியேற்று வால்வு மெல்ல மெல்ல உள்ளே தாழும். அடையாளம்: ரப்பற் இடைவெளி தளர்வதற்குப் பதில் தானாக இறுகிக்கொண்டே வரும். ஆறு மாதத்தில் இரண்டு முறை தளர்த்த வேண்டிவந்தால், ஹெட்டுக்குக் கடின வளையம் பொருத்தும் நேரம் வந்துவிட்டது. டட்சனின் அலுமினிய ஹெட்டில் அந்த வளையங்கள் ஆரம்பத்திலேயே போட்டவை. ஏ9 வீதியால் தினமும் வவுனியா போய்வருகிறவருக்கு இது சின்ன விடயமல்ல.

மண்ணெண்ணெய்க் காலத்தையும் பேசாமல் போக முடியாது. வன்னியில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில் ஒரு போத்தலிலிருந்து சில சொட்டுப் பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடியதை இங்குள்ள எல்லாரும் அறிவர். இது பெருமைக்கதையாகவே சொல்லப்படுகிறது. அந்த எஞ்சின்களில் சில இன்னும் விற்பனைக்கு வருகின்றன என்பதால் உள்ளே என்ன நடந்தது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத பங்கு சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, அங்குள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் பார்க்கிற கம்பியில் மட்டம் நாளுக்கு நாள் ஏறினால், ஏறியது ஒயில் அல்ல. மெலிந்த ஒயிலில் பெயாரிங்குகள் தேயும். இன்னொரு பக்கம், மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு. அழுத்தம் கூடிய எஞ்சினில் நேரத்துக்கு முன் தீப்பற்றி, பிஸ்ரன் தலையில் சுத்தியலால் அடித்ததுபோல் விழும். மைனரில் அழுத்த விகிதம் 7.2 உள்ள குறைந்த வகையும் உண்டு. கூடிய வகை 8.3 அல்லது 8.5. டட்சன் ஏ12இல் 9. மண்ணெண்ணெயில் மைனரும் ஏ40உம் தாக்குப்பிடித்து, டட்சன் திணறியதன் இரகசியம் இவ்வளவுதான். இரும்பு, தகரம் என்ற பழமொழி பிறந்ததும் இந்தக் காலத்தில்தான் என்பது எங்கள் ஊகம். யப்பான் எஞ்சினைத் தனக்கு ஒவ்வாத எண்ணெயில் ஓட்டிவிட்டு, அதன் உலோகத்தைக் குறை சொன்னோம்.

ஆகவே எந்தக் காரானாலும் அழுத்தம் அளக்காமல் வாங்காதீர்கள். எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, அக்சிலறேற்றரை முழுதாக மிதித்துக்கொண்டு ஸ்ராட்டரைச் சுற்றுங்கள். ஒரு சிலிண்டருக்கும் மற்றதற்கும் இடையில் பத்துச் சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் றிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்திருந்தால் நடுவில் கஸ்கற் போயிருக்கிறது. நாலிலும் சமமாகக் குறைவென்றால் அழுத்தம் குறைக்கத் தடித்த கஸ்கற் யாரோ போட்டிருக்கவும் கூடும். கழற்றிப் பார்க்கும்வரை எஞ்சின் சாகிறது என்று முடிவுகட்ட வேண்டாம்.

இனிக் காருக்குக் கீழே போவோம். மைனரின் முன் சில்லைத் தாங்குவது ட்றனியன் எனப்படும் மறைபோட்ட உறுப்பு. சில்லுத் தண்டின் மேல் முனையும் கீழ் முனையும் திருகாணிபோல அதற்குள் நிற்கின்றன. ஸ்ரியறிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மறைதான் சுழல்கிறது. அதற்குக் கிறீஸ் இல்லாவிட்டால், செம்மண் தூசி அரைகல் மாதிரி வேலைசெய்து மறையைத் தின்றுவிடும். ஒருநாள், பெரும்பாலும் மெதுவாகத் திருப்புகையில் அல்லது பின்னுக்கு எடுக்கையில், கீழ்த் ட்றனியன் கழன்று சில்லு மட்காட்டுக்குள் மடியும். முறிகண்டியில் தேங்காய் உடைக்கக் காரை ஒதுக்கும்போது நடந்தால் பிள்ளையாருக்கு நன்றி சொல்லலாம். ஏ9இல் 70 கிலோமீற்றர் வேகத்தில் நடந்தால் சொல்ல ஆளிருக்காது.

காப்பது சுலபம். ஒவ்வொரு பக்கமும் மேலொன்று கீழொன்றாக இரண்டு நிப்பிள். காரை ஜக்கில் ஏற்றிச் சில்லு தொங்கும் நிலையில், பழைய கிறீஸ் கறுப்பாக வெளியே வந்து, பிறகு புதியது தெரியும்வரை அடியுங்கள். பாரம் சில்லில் இருக்கையில் அடித்தால் தேய்கிற பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. தயாரிப்பாளர் சொன்னது 1,000 மைலுக்கு ஒருமுறை. கிரவல் வீதிக்கு 1,000 கிலோமீற்றர் என்று வையுங்கள். சோதிப்பதற்கு, சில்லு தொங்கும்போது ரயருக்கு அடியில் ஒரு பாரை விட்டு மேலே நெம்புங்கள். தண்டு ட்றனியனுக்குள் மேலும் கீழும் ஆடினால் மறை போய்விட்டது. இடதுக்கும் வலதுக்கும் மறையின் திசை எதிரெதிர், மாறி வாங்காதீர்கள்.

டட்சனில் இந்தத் தொல்லை இல்லை. மக்பேர்சன் தூண், கீழே ஒரு போல் ஜொயின்ற். கிறீஸ் கேட்காது, ரப்பர் உறை கிழிந்தால் தூசி புகுந்து தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆட்டம் வருவது ஸ்ரியறிங்கில். டட்சனுக்கு உள்ளது குண்டு உருளும் பெட்டி. அதோடு எதிர்ப்பக்கத்தில் ஐட்லர் கை என்றொரு உறுப்பு. ஆட்டம் கண்டவுடன் பெட்டியின் மேலுள்ள திருகாணியை இறுக்குவார்கள். நேரே போகையில் சரியாகும், திருப்பினால் இறுகிப் பிடிக்கும். பத்துக்கு எட்டில் தேய்ந்திருப்பது ஐட்லர் கையின் புஷ்தான், அதை முதலில் பாருங்கள். ஸ்ரியறிங் விடயத்தில் மைனரே மேல். அதன் பற்சட்டம் இன்றைய கார்களைப்போல் நேரடியாகப் பதில் சொல்லும். உறை கிழியாமல் பார்த்து, உள்ளே 90ஆம் இலக்கக் கியர் ஒயில் இருந்தால் போதும்.

பிறேக்கில் பேச்சே இல்லை, டட்சன் மேல். முன்னுக்கு டிஸ்க், இரண்டு தனித்தனிச் சுற்று. ஒரு குழாய் வெடித்தாலும் மற்றது நிறுத்தும். மைனரில் நாலும் ட்றம், சுற்று ஒன்றே. ஒரு ஹோஸ் வெடித்தால் மிதி தரையைத் தொடும், மிச்சம் கைப்பிறேக்தான். அதன் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே சேசிஸ் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கார்பெற்றைத் தூக்கி, மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். திறக்குமுன் சுற்றியுள்ள தூசியைத் துடைக்காவிட்டால் ஒரு கரண்டி செம்மண் உள்ளே விழும். அதைக் கழற்றவும் வில்லங்கம்: ரோர்ஷன் பார் எனப்படும் முறுக்குக் கம்பி போல்ட்டுகள் வெளியே வருகிற வழியை மறிக்கும், அதை இறக்க வேண்டும். திருப்பிப் பூட்டும்போது போல்ட்டை மறுபக்கமிருந்து விட்டால் அடுத்த தடவை அந்த வேலை மிச்சம். ட்றம்மைச் சரிசெய்ய, ஒவ்வொரு சரிப்படுத்தியையும் சில்லு இறுகும்வரை திருகி, ஒரு பல் பின்னுக்கு விடுங்கள். முன்னுக்கு ஒரு சில்லுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று. பின் சில்லில் பிறேக் பிடிக்காமல் உள்ளே ஒயில் கசிந்திருந்தால், ஹப்பின் சீலோடு அச்சுப் பெட்டியின் மூச்சுத் துவாரத்தையும் பாருங்கள். அது அடைபட்டிருந்தால் எத்தனை சீல் போட்டாலும் ஒயில் வரும். 1962க்குப் பிந்திய மைனரில் முன் ட்றம் 7 அங்குலத்திலிருந்து 8 ஆனது. தெரிவு இருந்தால் அதையே எடுங்கள்.

உக்கல் பற்றி. தேநீர்க்கடை வரியில் பாதி உண்மை இருப்பது இங்கேதான். டட்சனின் தகடு மெல்லியது. முன் தூணின் மேல்முனை வந்து பொருந்தும் உள்மட்காட், பற்றறித் தட்டின் அடி, கதவுக்குக் கீழ்ச் சட்டம், பின் பட்டைவில்லின் கொளுவிகள், முன் கண்ணாடியின் கீழ் மூலைகள் ஆகியவை முதலில் போகும். ஆனையிறவு உப்புக்காற்றிலும் முல்லைத்தீவுக் கடற்கரையிலும் நின்ற கார் என்றால் ஐயமே வேண்டாம். மைனரின் தகடு தடிப்பு, ஆனால் அதன் உயிர்நாடி ஓர் இடத்தில்: முறுக்குக் கம்பிகளின் பின்முனை பூட்டப்பட்ட குறுக்குச் சட்டம், முன் இருக்கைகளுக்குக் கீழே. அதன் இரு ஓரமும் உக்கினால் முன் சில்லின் முழுப் பாரத்தையும் தாங்க ஆளில்லை. மேலே புதுப் பெயின்ற் மினுங்க, கீழே தார் பூசி மறைத்த மைனர்களை ஸ்குறூட்றைவரால் குத்தினால் பிடிவரை உள்ளே போகும். விற்கிறவர் குத்த விடமாட்டேன் என்றால் அதுவே பதில். டட்சன் தகட்டைக் காஸ் வெல்டிங்கில் ஒட்டினால் அப்பளம்போல் நெளியும், மிக் வெல்டிங்கில் புள்ளிப்புள்ளியாக ஒட்ட வேண்டும். மின் வெல்டிங் செய்யுமுன் டட்சனின் பற்றறி வயரையும் ஒல்ரனேற்றர் இணைப்பையும் கழற்றுங்கள், டயோட்டுகள் எரிந்துவிடும்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. மைனரின் உடலோடு இணைந்திருப்பது பற்றறியின் நேர்முனை. தெரியாமல் றேடியோ பூட்டினால் அன்றே புகை. எதிர்முனைக்கு மாற்ற விரும்பினால் பற்றறி வயர்களையும் கொயில் வயர்களையும் மாற்றி, டைனமோவின் வயர்களைக் கழற்றி, அதன் எஃப் முனையைப் பற்றறியின் நேர்முனையில் ஓரிரு நொடி தொட்டு எடுங்கள். பெற்றோல் பம்பும் மின்சாரம். டிக் டிக் சத்தம் நின்றால் உள்ளே பொயின்ற் கருகியிருக்கும், ஒரு தட்டுத் தட்டினால் வீடுவரை போகலாம்.

தூசிக்குக் கார்பரேற்றர்கள் இரண்டும் வேறுவிதமாக முகம் கொடுக்கின்றன. மைனரின் எஸ்.யூ.வில் ஒரே ஜெற், ஒரு ஊசி, ஒரு பிஸ்ரன். மேலுள்ள குமிழைத் திறந்து மெல்லிய எஞ்சின் ஒயில் விட மறந்தால், மிதிக்கும்போது ஒரு நொடி மூச்சுத்திணறும். மெக்கானிக்குகள் பலர் இதற்குப் பிளக் மாற்றுவார்கள். டட்சனின் ஹிற்றாச்சியில் இரட்டைத் தொண்டை, நுண்ணிய ஜெற்றுகள், அடைபட்டால் முழுதாகக் கழற்ற வேண்டும். ஆனால் அதன் கிண்ணத்தில் ஒரு சிறிய கண்ணாடி இருக்கிறது. எஞ்சின் ஓடுகையில் பெற்றோல் மட்டம் அதிலுள்ள குறிக்கு நேரே நிற்கிறதா என்று கழற்றாமலே பார்த்துவிடலாம். டிஸ்ரிபியூற்றரின் பொயின்ற் இடைவெளி மைனருக்கு 0.015 அங்குலம், டட்சனுக்கு அரை மில்லிமீற்றர்.

பாகங்கள்? மைனருக்கு இங்கிலாந்தில் இன்றும் ஏறக்குறைய எல்லாம் செய்கிறார்கள். 1990களில் அதன் உடற்பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போனதும் உண்டு. 14 அங்குல ஒடுங்கிய ரயர்தான் தேட வேண்டியிருக்கும். டட்சனின் எஞ்சின் பாகங்களைக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடலாம். ஏ15 எஞ்சின் பூட்டிய வெனற் வான்களின் சில்லறைப் பாகங்கள் சில பொருந்தும். பிஸ்ரனும் ஹெட் கஸ்கற்றும் பொருந்தா, ஏ12இன் துளை 73 மில்லிமீற்றர், ஏ15இன் துளை 76. டட்சனின் உடற்பாகம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. ஆகவே எஞ்சின் செத்த, உடல் நல்ல டட்சனை வாங்கலாம். உடல் செத்த, எஞ்சின் நல்ல டட்சனை வாங்காதீர்கள். மைனருக்கு இந்தக் கணக்கு இவ்வளவு கடுமையில்லை.

எது நல்லது என்று கட்டாயம் கேட்டால்: நாளாந்தம் ஏ9இல் ஓட வேண்டியவர், பிள்ளைகளை ஏற்றுபவர், காருக்குக் கீழே படுக்க மாட்டாதவர் டட்சனை எடுங்கள், பிறேக்குக்காகவே. பரந்தன், பூநகரி, ஒட்டுசுட்டான் உள்வீதிகளில் மெதுவாக ஓடுபவர், கிறீஸ் துப்பாக்கி ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பவர் மைனரை எடுக்கலாம். அதன் 1098 சீசீ எஞ்சினின் துளை 64.6 மில்லிமீற்றர், பிஸ்ரன் பயணம் 83.7. நீளப் பயணம் என்பதால் குளக்கட்டில் உயர்ந்த கியரிலேயே இழுத்துப்போகும். டட்சனில் பயணம் 70தான், சுற்று ஏறினால்தான் உசார். ஏ9இல் மைனரை 80க்கு மேல் விரட்டுவது இரக்கமற்ற செயல்.

கடைசியாகப் பதிவுப் புத்தகம். 2009இல் முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்புப் பக்கங்களில் கைவிடப்பட்டு எரிந்தும் உக்கியும் கிடந்த வாகனங்களுக்குக் கணக்கில்லை. இன்று ஓடுகிற ஒரு கார் இரண்டு மூன்று கார்களால் ஆனதாக இருக்கலாம். அது குற்றமில்லை, இலக்கம் பொருந்த வேண்டும். மைனரின் எஞ்சின் இலக்கத் தகடு பிளொக்கின் வலப்பக்கம், டைனமோவுக்கு மேலே. 9எம் என்று தொடங்கினால் 948 சீசீ, 10எம்ஏ என்றால் 1098. அதன் நடுவில் எச் இருந்தால் அழுத்தம் கூடியது, எல் இருந்தால் குறைந்தது. டட்சனின் சேசிஸ் இலக்கம் பொனற்றுக்குக் கீழே, எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டில் அடிக்கப்பட்டிருக்கும். அந்தத் தகட்டைச் சுற்றி வெல்டிங் அடையாளம் தெரிந்தாலோ, புத்தகத்தில் 948 என்றிருக்கத் தகட்டில் 10எம்ஏ இருந்தாலோ, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் மாற்றம் பதிவாகியிருக்கிறதா என்று விசாரித்த பிறகே முற்பணம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாகனம் திருத்துவோர் சிலர்,
கிளிநொச்சி.